ஆர் நிக்கிறது?

எங்கள் அலுமாரியின் மேல் ஒரு பச்சை நிறச் சுடுதண்ணீர்ப் போத்தல் இருக்கிறது. மூடியையே கோப்பையாகவும் பாவிக்கலாம். கைப்பிடி உடைந்த இடத்தில் மாமி பழைய சேலைக் கரையைக் கிழித்துக் கட்டிய முடிச்சு இன்னும் அவிழவில்லை. மாமி என்றால் என் மனைவியின் தாய். லிங்கநகரில் எங்களோடுதான் இருந்தார். மனைவி கந்தளாயில் படிப்பித்ததால் விடியவே பஸ் எடுத்துவிடுவாள். நான் துறைமுகத்தடி அலுவலகத்துக்குப் போய்விடுவேன். மகள் மாமியின் கையில் வளர்ந்தாள். அந்தப் போத்தல் மகளுடைய ஆஸ்பத்திரிப் போத்தல். வேறு எதற்கும் அதை எடுக்க மாமி விட்டதில்லை.

மகளுக்கு உடம்பு கொஞ்சம் சுட்டாலே போதும், மாமி போத்தலில் சுடுதண்ணீர் நிரப்பி, துவாயை மடித்துப் பையில் வைத்து, வாசலில் நின்று ஓட்டோவைக் கூப்பிடத் தொடங்கிவிடுவார். ஒருமுறை நான் சேர்ட்டை மினுக்கிக்கொண்டிருந்தேன். கசங்கிய உடுப்போடு வெளியே போவது எனக்கு என்றைக்கும் பிடிக்காது. "என்ன தம்பி, ஆறுதலா மினுக்கிறியள்? கலியாண வீட்டுக்கே போறம்?" என்று மாமி கேட்டதில், மினுக்கிய கையும் மினுக்காத கையுமாக ஓடினேன். அதே மாமிக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, இருந்தது. கிளினிக் நாள் வந்தால் மட்டும் அவருக்கு வீட்டில் ஒரு வேலை முளைக்கும். மா இடிக்க வேண்டும், மிளகாய் காயப்போட வேண்டும். கேட்டால், "வயசு போன உடம்பெண்டால் உப்பிடித்தான் இருக்கும்" என்பார். பிள்ளையின் உடம்பு எப்படி இருக்க வேண்டும் என்பதில் அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. தன்னுடையதைப் பற்றி அப்படி எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

ஒரு பின்னேரம் மகளைக் கடற்கரைக்குக் கூட்டிப் போயிருந்தார். மகளின் செருப்பொன்றை அலை இழுத்துப்போக, இரண்டு பேரும் அதன் பின்னால் தண்ணீருக்குள் இறங்கியிருக்கிறார்கள். சிப்பி ஓடுகள் கிடந்த இடம். மகளின் பெருவிரலில் ஒரு கீறல். மாமியின் உள்ளங்காலில் ஆழமான வெட்டு. நான் வேலை முடிந்து வந்தபோது இருவரும் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இறங்கினார்கள். மகளின் விரலில் வெள்ளையாக மருந்துக் கட்டு, காயத்துக்குப் போடும் ஏற்பு ஊசியும் போட்டாகிவிட்டது. மாமியின் காலிலோ கடற்கரையில் சுற்றிய அதே கைலேஞ்சி, இரத்தம் ஊறி மண் நிறமாகியிருந்தது. அந்தக் காலோடுதான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றிருக்கிறார்.

"உங்கட காலையும் ஒருக்காக் காட்டியிருக்கலாமே மாமி?" என்றேன்.

மாமிக்கு என் கேள்வி விளங்கவில்லை என்பதை முகத்தில் கண்டேன். "நான் பிள்ளைக்கெல்லோ போனனான்" என்றார்.

காயம் ஆறவில்லை. மஞ்சளும் எண்ணெயும் வைத்துக் கட்டினார். விரல்களின் நிறம் மாறத் தொடங்கியதும் நான் கண்டிப்பாகச் சொன்னேன், நாளைக்குப் போகிறோம், மறிப்பார்கள், துணிமணி எடுத்து வையுங்கள் என்று. ஆஸ்பத்திரி வாட்டில் தங்கவைப்பதைத்தான் எங்கள் பக்கம் மறிக்கிறது என்போம். மாமி அரிசி புடைப்பதை நிறுத்தாமல், "மறிச்சால், ஆர் நிக்கிறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி, பிள்ளையோடு வீட்டில் நிற்க ஆள் வேண்டும்தானே என்று எடுத்துக்கொண்டு, பக்கத்து வீட்டு அக்காவிடம் பேசி ஒழுங்கு செய்தேன். காலையில் அக்காவும் வந்துவிட்டார். மாமி அவருக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்து, ஊர்க்கதை எல்லாம் கதைத்து, "நாளைக்குப் பாப்பம்" என்று அனுப்பிவைத்தார். அப்படியே நாட்கள் போயின. கடைசியில் காய்ச்சலில் பிதற்றத் தொடங்கியபோதுதான் தூக்கிக்கொண்டு போனோம். அந்த நிலையிலும் நான் பச்சைப் போத்தலை எடுப்பதைக் கண்டு, "அது பிள்ளையின்ர" என்றார். காலை முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுக்க வேண்டி வந்தது.

ஆஸ்பத்திரிக்குப் பயந்திருப்பார் என்று நினைத்தால் அதுவும் சரியாக வரவில்லை. வாட்டில் மாமி எங்கள் வீட்டில் இருந்ததைவிடக் கலகலப்பாக இருந்தார். பக்கத்துக் கட்டிலில் கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு வயதான முஸ்லிம் உம்மா. இரண்டு பேரும் மருமகன்மாரைப் பற்றிக் கதைத்துச் சிரிப்பார்கள். நான் உள்ளே வந்தால், "இந்தா வாறார் மினுக்கின மாப்பிள்ளை" என்று அந்த உம்மா சொல்ல, மாமி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்துவார். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேன், "இவ்வளவு நல்லா இருக்கிறியள், அப்ப ஏன் மாமி வரமாட்டன் எண்டு நிண்டனீங்கள்?" மாமி காலை மூடிக் கிடந்த போர்வையைப் பார்த்தார். "அப்ப நிக்கிறதுக்குக் கால் இருந்தது தம்பி. இனி இருக்கிறதுதானே" என்று சிரித்தார். உம்மாவும் சிரித்தார். நானும் சிரித்தேனா என்பது நினைவில் இல்லை.

மாமி அதன்பிறகு பல வருடம் இருந்தார். அந்தக் கேள்வியைப் பற்றி வீட்டில் எப்போதாவது பேச்சு வரும். என் மனைவி சொல்வாள், "அம்மா கேட்டது வாட்டில தன்னோட ஆர் நிக்கிறதெண்டு. நான் லீவு போடுறன் எண்டு சொல்லுவன் எண்டு பாத்திருப்பா." அப்படியானால் இவளிடமே நேரே கேட்டிருக்கலாமே. மனைவியின் தமக்கைக்கு வேறு கருத்து. "உங்களுக்கு ஒண்டும் விளங்காது. கிளினிக் வரிசையில விடியத் தொடக்கம் நிக்க ஏலாமல்தான் அம்மா போகேல்ல." ஆனால் வெட்டுண்ட காலோடு பிள்ளைக்காக அதே வரிசையில் நின்றவர்தானே அவர். என் விளக்கமும் பக்கத்து வீட்டு அக்கா வந்த காலையிலேயே பொய்த்துப்போனது. தூரம் என்று சொல்ல முடியாது, ஓட்டோவில் கொஞ்ச நேரம். செலவு என்றும் சொல்ல முடியாது, அரசாங்க ஆஸ்பத்திரி. நான் நாட்குறிப்பு எழுதுகிறவன். மாமியின் அந்தக் கேள்வியையும் பிழையில்லாமல் எழுதி வைத்திருக்கிறேன். எங்கே நிற்பதைப் பற்றிக் கேட்டார் என்பது அதில் இல்லை. அவர் சொல்லவில்லை, நான் எப்படி எழுதுவது?

இப்போது என் வலது கண்ணில் வெள்ளை படர்ந்திருக்கிறது. எழுதும் வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன. வெட்டி எடுத்தால் சரியாகிவிடும், தள்ளிப்போடக் கூடாது என்று டொக்டர் நாள் குறித்துத் தந்திருந்தார். அது போன கிழமை கடந்துவிட்டது. அன்று அலுவலகத்தில் முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருந்தது. என்ன வேலை என்பது இப்போது நினைவில்லை. மகள் இப்போது வேலைக்குப் போகிறாள். நேற்று அவளே போய் வேறு நாள் வாங்கிக்கொண்டு வந்தாள். வந்ததும் கதிரையை இழுத்துப் போட்டு ஏறி, அலுமாரியின் மேலிருந்த பச்சைப் போத்தலை எடுத்துத் தூசி தட்டி என் கையில் தந்தாள். "கழுவி வையுங்கோ அப்பா. நாளைக்கு மறிப்பினம்" என்றாள்.

"அது உன்ர போத்தல்" என்றேன். பிறகு, வாய் தானாகவே, "மறிச்சால், ஆர் நிக்கிறது?" என்றது.

மகள் கதிரையிலிருந்து இறங்காமலே என்னைப் பார்த்தாள். "எங்க நிக்கிறதுக்கு அப்பா?" என்று கேட்டாள்.

எங்களில் ஒருவரும் மாமியிடம் அதைக் கேட்டதில்லை. சேலைக் கரை முடிச்சை விரலால் தடவிக்கொண்டு நின்றேன். எங்கே என்று எனக்குத் தெரியவில்லை.