பாடையில் இருந்தது மண்

இன்று காலை வேங்கிக்கால் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே இரண்டு பெண்கள் ஒரு பாடையை இறக்கி வைத்தார்கள். அதில் உடல் இல்லை. ஒரு புடவையில் கட்டிய மண் மட்டும்.

நிலத்தை விட்டுக்கொடுக்க மறுத்ததற்காக அடித்துக் கொல்லப்பட்ட இருளர் பெண்ணின் புடவை அது. மண்ணும் அவள் நிலத்து மண். கொன்றவர்கள் அங்கே வேலி போட்டுவிட்டார்கள்.

அவள் ஊர்ப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். கலைக்க ஒரு பெண் போலீஸ் வந்தார்.

"எழுந்துருங்கம்மா, வண்டியெல்லாம் நிக்குது."

சாவுக்கு வரும் பெண்ணைக் கட்டிக்கொண்டு அழுவதுதானே வழக்கம். ஒரு அம்மா அவரையும் தோளைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

அந்தப் போலீஸ் முதலில் திமிறினார். பிறகு அவரே ராகம் பிசகாமல் பாடத் தொடங்கினார். "என் கூடப் பொறந்த செல்வி..."

இறந்தவள் பெயர் செல்வி இல்லை.

யாரும் நிறுத்தவில்லை. அடுத்த அடியில் செல்வியையும் சேர்த்துப் பாடினார்கள்.

எழுந்து தொப்பியைச் சரிசெய்தபடி அவர் கேட்டார்: "நான் எதனா பேர் சொன்னனா?"

"சொன்னீங்கம்மா. அவளையும்தான் தூக்கினு போறோம்."

இரண்டு பேர் கொண்டுவந்த பாடையைத் தூக்க இப்போது நான்கு பேர் வேண்டியிருந்தது. எனக்குப் பேய், பிசாசு நம்பிக்கை கிடையாது. பார்த்ததைச் சொல்கிறேன்.

வீட்டு வாசலில் நின்று அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "குளிக்காம உள்ள வராத" என்றார்.

"நீ அங்க உக்காந்திருந்தா யார் பேரம்மா வந்திருக்கும்?"

குளிக்கத் தண்ணீர் எடுத்து வைக்க உள்ளே போய்விட்டார்.

உங்கள் வீட்டிலும் கேட்டுப் பாருங்கள்.