திறந்து கிடந்த கேற்

என் கைக்குப் பொறுமை கிடையாது. வாய் பேசத் தொடங்குமுன் கை போய்விடும். கரம்பொனில் இதை அறியாதவர் இல்லை. எல்லை வேலியை ஒரு சாண் தள்ளிப் போட்டதற்காக என் வீட்டுக்காரருடைய ஒன்றுவிட்ட அண்ணனை நான் மாங்காய் பறிக்கிற கொக்கத்தடியால் விளாசினதும், மனிசன் ஒரு கிழமை கையைத் தூக்க ஏலாமல் திரிந்ததும் ஊரறிந்த கதை. ஆனால் அன்று பின்னேரமே அந்த அண்ணனின் மனைவி குடத்தோடு எங்கள் வேலிப் படலையைத் திறந்துகொண்டு வந்தாள். அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. கிணற்றில் அள்ளினாள். குடத்தைத் தூக்கி அவள் இடுப்பில் வைத்துவிட்டது நான்தான்.

எங்கள் கரம்பொனைப் போல் ஒரு தீவில் பிறக்காதவர்களுக்கு இது விளங்காது. எங்கள் பக்கம் பாதிக் கிணறு உவர். நல்ல தண்ணீர் ஊறுகிற கிணறு யாருடைய வளவில் இருந்தாலும் அது எல்லாருக்கும் பொது. அந்த வளவின் படலைக்குப் பூட்டுப் போடுவதில்லை. அள்ள வருகிறவர்கள் கேட்டுக்கொண்டு வருவதுமில்லை. ஒருமுறை அனலைதீவுக்கு ஒரு செத்தவீட்டுக்குப் போனபோது, வள்ளத்தால் இறங்கிய தாகத்தில் ஒரு வளவுக்குள் போய், "தண்ணி குடிக்கலாமோ?" என்று கேட்டுவிட்டேன். "நாங்கள் என்ன தண்ணி விக்கிறமே?" என்று அந்த வீட்டுக்காரி என்னைக் கிழித்துத் தொங்கவிட்டாள். கேட்பதுதான் எங்களிடம் மரியாதைக் குறைவு. இந்தப் பழக்கத்தைக் கட்டிக்கொண்டுதான் நான் கொழும்புக்குப் போனேன்.

மகளுக்குக் கொழும்புக் கம்பஸில் படிக்க இடம் கிடைத்திருந்தது. விடுதியில் இடமில்லை என்றுவிட்டார்கள். வெளியே அறை தேடினால், இரண்டு இடத்தில் எங்கள் ஊரின் பெயரைக் கேட்டவுடனேயே அறை முடிந்துவிட்டது என்றார்கள். கடைசியில் ஒரு சொந்தக்காரர் ஒரு நம்பர் தந்தார். தெகிவளைப் பக்கம் தனியாக இருக்கிற ஒரு மனுசியாம். தகப்பன் எங்கள் தீவின் வேலணை ஆள், அந்தக் காலத்திலேயே தெற்கே கடை வைத்திருந்தவராம். மகள் போன் எடுத்தாள். "எந்த இடம் பிள்ளை?" "கரம்பொன், அன்ரி." "அப்ப வேற கதையில்லை, வாரும்." எனக்கு வயிற்றில் பால் வார்த்தது மாதிரி இருந்தது.

ஆனால் இவருக்கு மனமில்லை. இவர் வாயில்லாப் பூச்சி; சண்டை பிடிக்கத் தெரியாது. வெளிக்கிடும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "இடம் சரிவராட்டில் பெட்டையைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வா. படிச்சது காணும்." மகள் அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். பஸ் யாழ்ப்பாணத்தைத் தாண்டமுதல் என் கையைப் பிடித்தாள்.

"அம்மா, நான் அங்க நாலு வருஷம் இருக்கவேணும். கும்பிட்டுக் கேக்கிறன், ஒருத்தரோடையும் சண்டைக்குக் கொளுவிப்போடாதேங்கோ."

"நான் ஏன் கொளுவிறன்? ஆரும் என்னோட கொளுவினால்தான்."

"அதைத்தான் சொல்லுறன்" என்றாள்.

காலையில் தெகிவளைக் காலி வீதியில் இறங்கினோம். அரசமரம், பக்கத்தில் பாண் கடை, அதிலிருந்து மூன்றாவது ஒழுங்கை என்று அந்த அன்ரி சொல்லியிருந்தாள். அரசமரம் வந்தது, பாண் கடை இல்லை. கொஞ்சத் தூரத்தில் இன்னொரு அரசமரம் வந்தது, அதற்குப் பக்கத்தில் இரண்டு பாண் கடை. நான் தலையில் மெத்தைச் சுருள், மகள் தோளில் பெரிய பை, கையில் பனங்கட்டியும் புழுக்கொடியலும் கட்டிய பெட்டி. எங்கள் ஒழுங்கைகளில் வழி தவறினால் வேலிக்கு மேலால் ஒரு குரல் கொடுத்தால் போதும். இங்கே ஆளுயர மதில், மதிலுக்கு மேல் உடைந்த போத்தல் ஓடு. யாரைக் கூப்பிடுவது? எழுத்தெல்லாம் சிங்களம். ஒரே ஒழுங்கையால் திரும்பத் திரும்ப வந்தோம். ஒரு நாய் எங்களை அடையாளம் பிடித்துவிட்டு, பிறகு குரைக்கவுமில்லை.

ஒரு முடக்கில் ஒரு ஓட்டோ, ஹோர்னும் அடிக்காமல், மகளுடைய பையில் கொழுவி இழுத்தது. பிள்ளை முழங்காலில் விழுந்தாள். பைக்குள் இருந்த எங்கள் கிணற்றுத் தண்ணீர்ப் போத்தல் வெடித்து ஒழுங்கையெல்லாம் ஓடியது. கொளுவாதேங்கோ என்று சொன்னதெல்லாம் எனக்குக் காற்றோடு போயிற்று. மெத்தையைப் போட்டுவிட்டுக் குடையால் ஓட்டோவின் மேல்துணியில் விட்டேன் ஒரு அடி. அவன் இறங்கி வந்து என் தோளைப் பிடித்துத் தள்ளினான். குடை முனையால் அவன் வயிற்றில் குத்தினேன். அவன் ஏசியது எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. நான் ஏசியதும் அவனுக்கு விளங்கியிராது, ஆனாலும் இருவருக்கும் எல்லாம் விளங்கியது. மகள் இடையில் வந்து அவனைக் கைகூப்பிக் கும்பிட்டாள். அவன் நிலத்தில் துப்பிவிட்டு, அந்த ஒழுங்கைக்குள்ளேயே ஓட்டோவை விட்டுக்கொண்டு போனான். "போடா அறுவானே!" என்று நான் பின்னால் கத்தினேன்.

"இவ்வளவு சொல்லியும், அம்மா..." என்று மகள் அழத் தொடங்கினாள். அழுகை பாதியில் நின்றது. முகம் வெளிறி, மதிலில் சாய்ந்து அப்படியே பையின் மேல் இருந்துவிட்டாள். முதல்நாள் மத்தியானத்திலிருந்து அவள் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. இரவு பஸ்ஸில் ஒதுங்க இடமிராது என்று பெட்டைகள் அப்படித்தான் வாயைக் கட்டிக்கொண்டு வருவார்கள். உதடு காய்ந்து வெடித்திருந்தது. "கண்ணுக்குள்ள இருட்டுதம்மா" என்றாள்.

நேரே எதிரில் ஒரு பச்சைக் கேற். அகலத் திறந்து கிடந்தது. உள்ளே சீமெந்துத் தரையில் ஒரு பைப்படி, அதன் கீழ் ஒரு நீல வாளி. அப்பாடா, இங்கேயும் மனுசர் இருக்கினம் என்று நினைத்தேன். கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. நேரே உள்ளே போய்ப் பைப்பைத் திறந்தேன்.

வாளி நிரம்பிக்கொண்டிருந்தபோது முதல் அடி விழுந்தது. இடது முழங்கைக்குக் கீழே. எலும்பு முறிந்தது என் காதுக்கே கேட்டது. திரும்பினால், ஹவுஸ்கோட் போட்ட ஒரு மனுசி, ஐம்பது தாண்டியவள், கேற்றுக்குக் குறுக்கே போடுகிற இரும்புக் கம்பியை இரண்டு கையாலும் ஓங்கிக்கொண்டு நிற்கிறாள். வாய் திறந்திருக்கிறது, சத்தம் வரவில்லை. இரண்டாவது அடி என் தோளில். மூன்றாவதுக்கு நான் விடவில்லை. வலது கையால் தண்ணீரோடு வாளியைத் தூக்கி அவள் முகத்தில் அடித்தேன். கொண்டையைப் பிடித்து இழுத்து அவள் நெற்றியைப் பைப்பில் மோதினேன். தோல் பிளந்து இரத்தம் அவள் கண்ணை மூடியது. அவள் என் முறிந்த கையைக் கடித்தாள். எனக்குக் கண்மண் தெரியாத கொதி. வழுக்கி இருவரும் விழுந்தோம். அவள் நெஞ்சில் முழங்காலை ஊன்றிக் கம்பியைப் பறித்துவிட்டேன். ஓங்கியும்விட்டேன். அதை இறக்கியிருந்தால் இன்றைக்கு இதை எழுத நான் ஜெயிலுக்கு வெளியில் இருந்திருக்க மாட்டேன்.

அப்போதுதான் அவளுக்குக் குரல் வந்தது. ஒரே ஒரு கத்தல். அந்தக் கத்தலுக்கு ஒழுங்கை முழுவதும் ஓடி வந்தது. யாரோ என் ஓங்கிய கையைப் பின்னால் முறுக்கி என்னைத் தூக்கி நிறுத்தினான். பார்த்தால் அந்த ஓட்டோக்காரன். முழங்காலின் பின்பக்கம் உதைத்து என்னைக் குப்புறத் தள்ளி முதுகில் ஏறி இருந்தான். "ஹொரா! ஹொரா!" என்று கத்தினார்கள். கள்ளர் என்கிற அந்தச் சொல் எனக்கும் தெரியும். வாசலில் ஒரு பெண் என் மகளின் பின்னலைச் சுற்றிப் பிடித்துக் கன்னத்தில் அறைந்தாள். சீமெந்தில் முகம் அழுந்தக் கிடந்துகொண்டு அதைப் பார்த்தேன். என்னை அடித்ததெல்லாம் ஒன்றுமில்லை. அந்த அறைக்குத்தான் நான் அலறினேன்.

மகள் அறையை வாங்கிக்கொண்டே போனைக் காதில் வைத்திருந்தாள்.

எனக்குப் பக்கத்தில் போன் அடித்தது. பைப்படியில் சரிந்திருந்த அந்த மனுசியின் ஹவுஸ்கோட் பைக்குள். அவள் கண்ணிலிருந்த இரத்தத்தைத் துடைத்துவிட்டு, பழக்கத்தில் எடுத்துக் காதில் வைத்தாள்.

"அன்ரி! அன்ரி, அம்மாவை அடிக்கினம், கெதியா வாங்கோ!"

மகளின் குரல் வாசலிலிருந்தும் அந்தப் போனிலிருந்தும் வந்தது. மனுசி போனைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"கரம்பொனோ?" என்றாள்.

"ஓமடி, கரம்பொன்தான்!" என்று நான் சீமெந்தில் கிடந்தபடி கத்தினேன். "தண்ணிக்கு வந்தவளுக்கு அடிக்கிற நீ என்னடி தீவுக்காரி? தூ!"

அவள் சிங்களத்தில் ஏதோ சொன்னாள். ஓட்டோக்காரன் என் முதுகை விட்டு எழும்பினான். பின்னலைப் பிடித்திருந்தவள் கையை எடுத்து, அதே கையால் மகளின் கன்னத்தைத் தடவிவிட்டாள். மகளுக்கு முதலில் தண்ணீர் கொடுத்ததும் அவள்தான்.

எங்கள் இருவரையும் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனவனும் அந்த ஓட்டோக்காரன்தான். பின் சீற்றில் நான், மடியில் முறிந்த கை. பக்கத்தில் அவள், நெற்றியில் துவாய். நடுவில் மகள். என் கைக்கு மாவுக்கட்டுப் பத்துப் போட்டார்கள், அவள் நெற்றிக்குத் தையல் போட்டார்கள். ஆஸ்பத்திரி வாங்கில் வந்து இருந்ததும் நான் மகளிடம் சொன்னேன்:

"எழும்பு. இரவு பஸ்ஸுக்குப் போவம். அப்பா சொன்னதுதான் சரி. இந்த வீட்டில உன்னை விட்டுட்டுப் போக எனக்கென்ன விசரே?"

மகள் எழும்பவில்லை. நிலத்தைப் பார்த்தபடி இருந்தாள். அவள் கன்னத்தில் விரல் அடையாளம் அப்படியே இருந்தது. அந்த மனுசிதான் பேசினாள், என்னைப் பார்க்காமல்.

"எனக்கு அப்ப பன்னிரண்டு வயசு, தங்கச்சி. ஐயா கொழும்புக்கு வந்தும் ஊர்ப் பழக்கத்தை விடேல்லை. கேற்றைப் பூட்ட விடமாட்டார். தாகத்தோட போறவன் தட்டிக்கொண்டு நிக்கக்கூடாது எண்டுவார். தமிழருக்கு அடிச்ச கலவரம் துவங்கின அண்டைக்கும் கேற் திறந்துதான் கிடந்தது. மூண்டு பேர் வந்து பைப்படியில நிண்டாங்கள். நான்தான் பேணியில தண்ணி எடுத்துக் குடுத்தனான். மூண்டு பேரும் குடிச்சாங்கள். ஒருத்தன் பேணியைக் கழுவித் திருப்பித் தந்தவன். பேந்துதான் ஐயாவை வெளியில கூப்பிட்டாங்கள்."

அவள் நிறுத்தினாள். மகள் அவள் பக்கம் திரும்பினாள்.

"அந்தச் சீமெந்திலதான் ஐயாவை அடிச்சுச் சாகடிச்சவங்கள். நான் பேணியோட நிண்டனான். இண்டைக்கு ஓடி வந்திச்சினமே, அவையின்ர தாய் தேப்பன்தான் என்னை மதிலுக்கு மேலால தூக்கி எடுத்து ஒளிச்சு வைச்சவை. அதுதான், நான் கத்தினால் இண்டைக்கும் ஓடி வருவினம். அண்டையில இருந்து அந்தக் கேற்றுக்குக் கம்பி போடாமல் நான் இருந்ததில்லை. ஊர்ப்பிள்ளை வருது எண்டுதான் இண்டைக்குக் கம்பியை எடுத்தனான். மேல போய் மெத்தைக்கட்டிலைத் துடைச்சுப்போட்டு யன்னலால பாக்கிறன், பைப்படியில ஆரோ நிக்கினம். எனக்கு ஆளே தெரியேல்லை, தங்கச்சி. அவங்கள்தான் தெரிஞ்சாங்கள்."

எனக்குக் கோபம் போய்விடவில்லை. பொய் சொல்லக்கூடாது. கை விண் விண் என்று வலிக்கும்போது கோபம் எப்படிப் போகும்? ஆனால் அதைக் கொண்டுபோய் இறக்க ஒரு இடமும் இல்லை. அவள் வாளியாலேயே அவள் முகத்தில் அடித்தது நினைவுக்கு வந்தது. ஆத்திரக்காரருக்குப் புத்தி மட்டு என்பார்கள். அங்கே யாருக்குத்தான் புத்தி மட்டில்லை!

"அம்மா, நான் இருக்கிறன்" என்றாள் மகள்.

"உன்னை அடிச்ச ஒழுங்கையிலயோ?"

"அன்ரி கத்தினவுடன் அவ்வளவு பேரும் ஓடி வந்தவை. நாளைக்கு நான் கத்தினாலும் வருவினம்."



பின்னேரம் நான் தனியே ஊருக்கு வெளிக்கிட்டேன். மேல் அறையில் மெத்தையை விரித்துவிட்டு, பனங்கட்டிப் பெட்டியை அந்த மனுசியின் குசினி அடுப்படியில் வைத்தேன். அவள் அதை மணந்து பார்த்தாள். பைப்படியைத் தாண்டி வந்தோம். யாரோ இரத்தத்தைக் கழுவி விட்டிருந்தார்கள். ஓட்டோக்காரன் ஒழுங்கை முடக்கில் காத்து நின்றான்.

நான் கேற்றுக்கு வெளியே வந்து திரும்பிப் பார்த்தேன். அவர்கள் இருவரும் உள்ளே நின்றார்கள். கம்பி மதிலோடு சாத்தியிருந்தது. அவள் அதைத் தொடவில்லை. போகிறவரின் முதுகுக்குப் பின்னால் படலை சாத்தக்கூடாது என்பது எங்கள் ஊர் வழக்கம். நாற்பது வருசத்துக்கு மேலாகக் கம்பி போட்டுப் படுத்தவள், நான் முடக்குத் திரும்பட்டும் என்று அந்த வழக்கத்துக்காகக் கேற்றைத் திறந்து வைத்துக்கொண்டு, நடுங்கிக்கொண்டு நின்றாள்.

"அக்கா, சாத்துங்கோ" என்றேன்.

"நீர் போம், தங்கச்சி. பேந்து சாத்துறன்."

"பிள்ளை, கம்பியை எடு" என்று நான் மகளிடம் கத்தினேன். "நீயே போடு. இறுக்கிப் போடு!"

பிறந்த நாளிலிருந்து ஒரு படலைக்கும் பூட்டுப் போட்டறியாதவள் என் மகள். இரண்டு கையாலும் தூக்கினாள். கேற் சாத்தியது. கம்பி கொளுக்கியில் விழுந்த சத்தம் என் கைப் பத்துக்குள் இருந்த எலும்பு வரை வந்தது. அதைக் கேட்ட பிறகுதான் நான் நடந்தேன்.