நிலாக்குளத்தில் விட்ட ரோஜா

கப்பலின் நட்டநடுவில், அடிப்பகுதி வரை திறந்திருக்கும் சதுரத் துளைக்கு நிலாக்குளம் என்று பெயர். அதன் வழியாகத்தான் டைவர்களைக் கடலுக்குள் இறக்குவோம். கதைகளில் அதிலிருந்து யாராவது எழுந்து வருவார்கள். எழுதியவர்கள் ஒருநாளாவது அதன் பக்கத்தில் நின்றிருப்பார்களா? எண்பதுகளில் நான் வேலை பார்த்த கப்பலில் அதிலிருந்து வந்ததெல்லாம் டீசல் வாடைதான்.

பினாங்கில் அப்பா இறந்தபோது காற்றும் மழையும் ஓயவில்லை. நடுக்கடலிலிருந்து என்னைக் கரைக்குக் கொண்டுபோக ஹெலிகாப்டர் வரவில்லை. மூன்றாம் நாள் அக்கா ரேடியோ போனில் பேசினாள்.

"அஸ்தியக் கடல்ல கரைச்சாச்சு தம்பி. எல்லாம் ஒரே தண்ணிதான்லா. அங்கேயே ஒரு பூ விட்டுரு."

கப்பலில் ஏது பூ? சாப்பாட்டு மேசையில் சீனப் பெருநாளுக்கு வைத்த பிளாஸ்டிக் ரோஜா இருந்தது. மேல்தளத்திலிருந்து போட்டால் காற்று திருப்பி அடிக்கும் என்று நிலாக்குளத்தில் விட்டேன்.

நாலு பக்கமும் இரும்புச் சுவர். எங்கே போகும்? தண்ணீர் ஏறினால் ஏறியது, இறங்கினால் இறங்கியது. கடல் அடங்கிய அன்றும் அங்கேயே கிடந்தது. டைவர்களை இறக்குமுன் குப்பையை எடுக்கச் சொல்லி மேற்பார்வையாளர் கத்தினார். குப்பையில்லை என்று யாரிடம் சொல்வது? நானே வலைபோட்டு எடுத்தேன். திரும்ப மேசையில் வைக்க மனம் வரவில்லை.

பினாங்கு திரும்பியதும், ஜார்ஜ் டவுன் வீட்டு வாசலிலேயே அக்கா கேட்டாள். "பூ விட்டியா தம்பி?"

"விட்டேன்க்கா."

அழுக்குத் துணியை எடுக்க என் பையைத் திறக்கப் போனாள். வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டேன்.