வெள்ளி வீலும் நீண்ட போல்டும்

எங்கள் வெள்ளவத்தை அடுக்குமாடியில் கார்களை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நிறுத்துவோம். வெளியே நிற்பதை நியூட்ரலில் விட வேண்டும்; உள்ளே நிறுத்தியவர் அதைத் தள்ளிவிட்டுப் போவார்.

என்னுடையது பழைய இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார். அழகை மட்டும் பார்த்து நான்கு பழைய அலாய் வீல்கள் வாங்கி, சுரண்டி, வெள்ளி நிறம் அடிப்பித்தேன். ஞாயிறு காலை நின்ற இடத்திலேயே, காரில் முன்பிருந்த போல்டுகளாலேயே, நானே பூட்டினேன்.

மத்தியானம் உள்ளே கார் நிறுத்தியிருந்த மூன்றாம் மாடி அங்கிள் ஓடி வந்தார். "தம்பி, மகளுக்கு வலி வந்திட்டுது. உங்கட கார் அசையுதில்லை!"

ஐந்து பேர் தள்ளினோம். பின்வீல்கள் சுற்றவே இல்லை.

"ஹேண்ட்பிரேக் போட்டனீங்களோ?"

"இல்லை அங்கிள்."

அவருடைய கார் சுவருக்கும் என் காருக்கும் நடுவே அகப்பட்டு நின்றது. நிறைமாத மகள் படியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மின்னிய அந்த வீல்களைப் பார்க்கவே ஆத்திரமாக வந்தது. கடைசியில் முச்சக்கரவண்டியில்தான் போனாள்.

கழற்றிப் பார்த்தேன். நான் மாற்றிய வீல் மெல்லியது. முன்பிருந்த தடித்த வீலுக்கான போல்டு அதைத் தாண்டி நீண்டு உள்ளே பின்பிரேக்கில் முட்டியிருந்தது.

தாயும் பிள்ளையும் சுகம். இப்போது ஜாக்கை இறக்குமுன் ஒவ்வொரு வீலையும் கையால் சுற்றிப் பார்க்கிறேன். அங்கிள் மட்டும், மழையென்றாலும், காரைத் தெருவில்தான் நிறுத்துகிறார்.