பதிவேட்டில் எடுத்த வீட்டுப் பெயர்

என் நான்காவது சிறுவர் நாவல் வெளிவந்த மூன்றாம் மாதம், ஞாயிறு ஆராதனை முடிந்து ஒரு பெண் என் வீட்டுக்கு வந்தார். கையில் அந்தப் புத்தகம். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"எங்க வீட்டுப் பேர எதுக்கு டீச்சர் போட்டிய? வேற பேரு கிடைக்கலியா?"

வயலோடு சேர்த்து விற்கப்பட்ட ஓர் அடிமைச் சிறுமி, மிஷன் பள்ளியில் எழுத்துப் படித்துத் தப்பி ஓடுவதுதான் கதை. பெயர்களை நான் கற்பனை செய்வதில்லை. சபையின் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டிலிருந்து எடுப்பேன். அதில் எனக்கு ஒரு கர்வமே உண்டு. எங்கள் பக்கம் ஆளை அடையாளம் சொல்வதே வீட்டுப் பெயரை வைத்துத்தான். அது தெரிந்தும், அந்தச் சிறுமிக்கு வைத்த வீட்டுப் பெயருள்ள குடும்பம் இன்னும் இருக்கிறதா என்று யாரிடமும் விசாரிக்கவில்லை. ஒரு போன் போட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

அவர் மகள் ஏழாம் வகுப்பு. நான் வரலாறு நடத்தி ஓய்வு பெற்ற அதே பள்ளி. வகுப்பில் நாவலை உரக்க வாசித்திருக்கிறார்கள். சாப்பாட்டு மணிக்கு ஒருவன், "உங்க ஆளுவள எத்தன கோட்டை நெல்லுக்கு வித்தாவ?" என்று கேட்டிருக்கிறான். மறுநாளிலிருந்து அவள் பள்ளிக்குப் போகவில்லை.

தலைமையாசிரியர் அந்தப் பையனைக் கண்டித்தார். அடுத்த பதிப்பில் பெயரை மாற்றுவதாகப் பதிப்பாளரும் ஒத்துக்கொண்டார். நான் அவள் வீட்டுக்கே போய், வெட்கப்பட வேண்டியது விற்றவர்கள்தான், விற்கப்பட்டவர்கள் இல்லை என்று எடுத்துச் சொன்னேன். நாவலின் முன்னுரையிலும் அதைத்தான் எழுதியிருந்தேன்.

அவள் தலை நிமிராமல் கேட்டாள்: "கதையில உள்ளவ ஓடிட்டா டீச்சர். நான் எங்க ஓடுவேன்?"

எழுந்து வந்துவிட்டேன். முப்பது வருடம் வகுப்பெடுத்தவள் நான்.

கடைசியில் அவளைக் கருங்கல் என்ற ஊரில் சித்தி வீட்டில் விட்டுப் படிக்கவைத்தார்கள். அங்கே அந்த வீட்டுப் பெயர் யாருக்கும் தெரியாது.

இந்த எழுத்து வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். இறந்தவர்களைப் பற்றித்தானே எழுதுகிறோம் என்று நானும் நினைத்தேன். அவர்களுடைய வம்சத்துப் பிள்ளைகள்தான் நம் புத்தகத்தைப் படிக்கிறார்கள். பெயரை எடுக்குமுன் அந்த வீட்டில் போய்க் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். அந்தப் பெயரை இங்கேயும் எழுதவில்லை.

அந்தப் பெண்பிள்ளை கருங்கல் பள்ளியில் சேர்ந்த வாரம் அவள் அம்மா போன் செய்தார். "அந்த ஸ்கூல் லைப்ரரியிலயும் அந்த புக்கு இருக்கா டீச்சர்?"

இருந்தது. நானே கையெழுத்துப் போட்டு அனுப்பியது. திரும்ப வாங்கிவர மறுநாளே பஸ் ஏறினேன். புத்தகம் அலமாரியில் தங்குவதே இல்லை, பிள்ளைகள் மாற்றி மாற்றி எடுத்துப் போகிறார்கள் என்று லைப்ரரி டீச்சர் சந்தோஷமாகச் சொன்னார்.