கண்ணீர் வராமல் செய்த ஜெபம்

கர்த்தருக்குள் பிரியமானவர்களே, போன ஆடி மாதம் என் வலது கண் போயிருக்க வேண்டியது. அதைவிட, கூடப்பிறந்தவள் போல நினைத்த ஒருத்தி என்னைக் கைவிட்டதுதான் இன்றைக்கும் நெஞ்சை அறுக்கிறது.

பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பட்டறையில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றுவது என் வேலை. கண்ணீர்க் குழாய் அடைத்துக்கொண்டதால் வலது கண்ணில் வருஷக்கணக்காகத் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. எங்கள் ஜெபக் குழுவை நடத்தும் ஸ்டெல்லா அக்கா அதைப் பக்தியில் வரும் அழுகை என்றே நம்பினார். “பாருங்க, நம்ம கிரேஸு எப்பிடி உருகுதுன்னு!” என்று என்னை முன்வரிசைக்கு இழுத்து உட்கார வைப்பார். இது வியாதி என்று எத்தனையோ தடவை சொன்னேன். காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

கோயமுத்தூரில் ஆபரேஷன் செய்து, கண்ணிலிருந்து மூக்குக்குப் புதிதாக வழி திறந்தார்கள். தண்ணீர் நின்றது. ஆனால் வீட்டுக்கு வந்த சில நாளில் மூக்கோரம் சிவந்து வீங்கிச் சீழ் பிடித்தது. இமையே திறக்கவில்லை. காய்ச்சல் வேறு. “கிருமி உள்ள பரவுச்சுன்னா பார்வைக்கே ஆபத்துங்கம்மா” என்று டாக்டர் உடனே அட்மிட் செய்தார்.

அக்காவுக்குப் போன் போட்டேன். “அக்கா, பயமா இருக்குதுங்க. எல்லாரும் வந்து ஜெபம் பண்ணுங்க” என்றேன்.

“கர்த்தர் குடுத்த கண்ணீர நீயாப் போயி நிறுத்திப்போட்டு, இப்ப எங்களக் கூப்பிடறியா அம்மணி? அதுக்குத்தான் இந்தத் தண்டனை” என்று போனை வைத்துவிட்டார்.

அடிப்பாவி! வாய்விட்டே சொல்லிவிட்டேன். அவர் மகன் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது தினமும் கஞ்சி கொண்டு ஓடியவள் நான். குழுவில் ஒருத்தர்கூட எட்டிப் பார்க்கவில்லை.

சுவர் பக்கம் திரும்பிப் படுத்தேன். அழுகைகூட வரவில்லை. “ஆண்டவரே, அவங்க உட்டுப்போட்டாங்க. நீங்களும் உட்டுராதீங்க. என் கண்ணக் காப்பாத்துங்க.” அவ்வளவுதான் என் ஜெபம். அழாமல் கேட்டால் கேட்பாரோ மாட்டாரோ என்று பயமாகவும் இருந்தது.

அன்றைக்கே சீழை எடுத்து, வேறு மருந்து ஏற்றினார்கள். அடங்காத காய்ச்சல் அடங்கியது. பிறகு ஒரு காலையில் இமை திறந்தது. இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தேன். எதிரே என் வீட்டுக்காரர், சவரம் செய்யாத முகத்தோடு வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். ஸ்தோத்திரம்! அந்த முகத்தை அவ்வளவு ஆசையாக நான் பார்த்ததே இல்லை.

அக்காவை இன்னும் மன்னிக்க முடியவில்லை. மன்னிக்கிற மனசையும் ஆண்டவரிடமே கேட்டுக்கொண்டிருக்கிறேன். இப்போதெல்லாம் யார் ஆஸ்பத்திரியில் படுத்தாலும் முதல் ஆளாகப் போய் நிற்கிறேன். வியாதி ஏன் வந்தது, எதனால் வந்தது என்று கேட்பதில்லை.

பிரியமானவர்களே, உங்களுக்காக ஜெபிக்க ஒருத்தரும் வராவிட்டால் நீங்களே கேளுங்கள். எனக்கு யாரும் வரவில்லை. ஆண்டவர் வந்தார்.