நாற்பது ரூபாய்க் கொக்கு

போன வாரம் நம் ஊர் எக்ஸிபிஷனுக்குப் போனீர்களா? அங்கே ஒரு மரக்கொக்கின் விலையைப் பார்த்துச் சிரித்தீர்களா? சிரித்திருந்தால் உங்களை நான் பார்த்திருப்பேன். அந்த ஸ்டாலுக்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தவன் நான்தான்.

ஸ்டால் என் நண்பர் சிவராமனுடையது. கரமனையில் எங்களுக்கு அடுத்த வீடு. திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தபோது அவருடைய ஆபீஸ் எறணாகுளத்துக்குப் போயிற்று, இவர் போகவில்லை. பொழுதுபோக்காக இருந்த மரவேலையைப் பிழைப்பாக்கப் பார்த்தார். ஆகவில்லை. கடைசியில் போனக்காடு தேயிலை எஸ்டேட்டில் ஒரு குமாஸ்தா வேலை வந்தது. போனால் மலையில் இவர், கரமனையில் மனைவி லட்சுமியும் பள்ளிக்கூடம் போகும் பெண்ணும்...

“எக்ஸிபிஷன் முடியட்டும், பதில் எழுதறேன்” என்று தள்ளிப்போட்டிருந்தார்.

விலை போட என்னைக் கூப்பிட்டார்கள். ஆபீஸில் கணக்கு எழுதுகிறவன் அல்லவா? மரம், வார்னிஷ், ஆசாரிக்குக் கொடுக்கிற தினக்கூலி — எல்லாவற்றையும் கூட்டினேன். மத்து எட்டணா. அகப்பை ஆறணா. பலாமரத்தில் செதுக்கிய, ஒற்றைக்காலில் நிற்கும் அந்தக் கொக்குக்குப் பன்னிரண்டு ரூபாய். சிவராமன் சீட்டில் எழுதிக்கொண்டார். என் கெட்டிக்காரத்தனத்தை மெச்சிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் ஸ்டாலில் பார்க்கிறேன் — கொக்கின் கழுத்தில் தொங்கிய சீட்டில் நாற்பது ரூபாய்!

“என்ன ஓய், பேனா வழுக்கிடுத்தா?”

“இல்லை. யாரும் வாங்கப்படாது. அதான்.”

“அப்போ இங்கே எதுக்குக் கொண்டுவந்தீர்?”

“நாலு பேர் பார்க்க வேண்டாமா?”

லட்சுமி என் பக்கம் திரும்பினாள். “கேட்டேளா அண்ணா? இதைப் பண்றச்சே சாப்பாடுகூட இறங்கலை. இப்போ விக்கமாட்டாராம்.”

வந்தவர்கள் எல்லோரும் கொக்கைத்தான் பார்த்தார்கள். விலையைக் கேட்டார்கள். சிரித்தார்கள். சாலைக் கடைத்தெரு வியாபாரி ஒருவர், “நாப்பது ரூவாயா? உசிருள்ள கொக்குக்கே இந்த வெலை கெடையாதுவே!” என்றார். ஒவ்வொரு சிரிப்புக்கும் சிவராமன் முகத்தில் ஒரு நிம்மதி! மத்தும் அகப்பையும் விற்றன. சில்லறை சேர்ந்தது. போனக்காட்டைத் தடுக்கிற அளவுக்கு அல்ல.

கடைசி நாள் சாயங்காலம் ஒரு மலையாளி டாக்டரம்மா வந்தார். வயதானவர். குடையை ஊன்றிக்கொண்டு வெகுநேரம் கொக்கைப் பார்த்தார். சீட்டைப் படித்தார். சிரிக்கவில்லை. பையைத் திறந்து நோட்டுகளை எடுத்தார்.

சிவராமன் எழுந்துவிட்டார். “அம்மா, அதோட காலிலே ஒரு சின்னக் கீறல் உண்டு, கேட்டோ...”

“சாரமில்லா, இருக்கட்டும். எழுதின விலை தரேனே?”

பணம் வாங்கவேண்டியவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். லட்சுமி குரலை உயர்த்தவில்லை.

“ஏன்னா, கொக்கு போகணுமா, நீங்க போகணுமா? சொல்லுங்கோ.”

சிவராமன் தோளில் கிடந்த துண்டை எடுத்தார். கொக்கை அதில் சுற்றினார். கழுத்துப் பக்கம் இன்னொரு மடிப்பு வைத்து, டாக்டரம்மாவிடம் கொடுத்தார். “வெயில் படாத இடத்திலே வையுங்கோ” என்றார். பணத்தை லட்சுமி வாங்கிக்கொண்டாள்.

“இதுக்கு ஒரு ஜோடி செய்து தருமோ?” என்று கேட்டார் டாக்டரம்மா.

இவர் திரும்பி லட்சுமியைப் பார்த்தார். லட்சுமிதான் சரி என்று தலையை ஆட்டினாள்.

குடை கூட்டத்தில் மறைகிறவரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “நாற்பதுன்னு போட்டும் வாங்கிட்டாளே ஓய்...” என்றார் சிவராமன். வருத்தமா, பெருமையா? இரண்டும் இருந்தன என்றுதான் நினைக்கிறேன்.

மரத்தையும் கூலியையும் கூட்டினால் வருவது செலவுதான். எவ்வளவு கிடைத்தால் கொடுத்துவிட மனசு ஒப்பும்? அதைச் செய்தவரைத்தான் கேட்க வேண்டும். சில சமயம் அவருக்கே தெரிவதில்லை... யாராவது பணத்தை நீட்டுகிறவரைக்கும்.

போனக்காட்டுக்குப் பதில் போய்விட்டது — வரவில்லை என்று. ஒரு கொக்கு எத்தனை நாள் சோறு போடும்? லட்சுமிக்கும் அந்தக் கவலை இல்லாமல் இல்லை. சிவராமனோ காலை வேளைகளில் கரமனை ஆற்றங்கரையில் நின்று கொக்குகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஜோடிக்கு என்ன விலை என்கிறீர்களா? ஐம்பது. லட்சுமியே சொல்லி, முன்பணமும் வாங்கியாயிற்று.

என்னை யாரும் கூப்பிடவில்லை.